வேல்குமார் தலையாட்டினார்

மங்கலத்துத் தறிக்குடோன்களில் பேச்சு காதுக்கு வராது. எட்டுத் தறி ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் காற்றுதான் வந்து மேலே படும். அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வார்கள். வேல்குமாருக்கு ஏழு வயதிலேயே அது பழகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பாவுக்கு, நாடாவில் நூல் தீர்ந்த தாரை மாற்றிக் கொடுப்பார். தறி நிற்கும் நேரத்தில் குடோனின் பின்சுவரில் இடது கையால் டென்னிஸ் பந்தை எறிந்துகொண்டிருப்பார். அந்தப் பந்து சுவருக்கு முன்னால் தரையில் குத்தி, போக வேண்டிய பக்கம் போகாமல் வேறு பக்கம் திரும்புவதை முதலில் கவனித்தது பக்கத்துக் குடோன் மேஸ்திரிதான்.

அந்த இடது கை அவரைக் கோயமுத்தூர் கிரிக்கெட் லீக்குக்குக் கொண்டு போனது, அங்கிருந்து ரஞ்சிக்கு. பன்னிரண்டு வருடம், அறுபத்தொரு ஆட்டம். இந்தியாவுக்காக நான்கு ஒருநாள் போட்டி ஆடினார். மூன்று விக்கெட் கிடைத்தது. ஐந்தாவது போட்டிக்குப் பையைக் கட்டிக்கொண்டு ஓட்டல் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தவரிடம், நீங்கள் ஊருக்குப் போகலாம் என்று ஒருவர் வந்து சொன்னார். அதோடு சரி. முப்பத்தைந்து வயதில் தோளும் போனது. டிகிரி இல்லை, தறியை அப்பா எப்போதோ விற்றுவிட்டார். இரண்டு வருடம் மத்தியானம் பன்னிரண்டு மணி வரைக்கும் படுக்கையை விட்டு எழாமல் கிடந்த மனுசன் அவர். மனைவி கலைமகள் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்ததால் அடுப்பு எரிந்தது.

அப்போதுதான் ஒரு டிவி சேனலில் தமிழ் வர்ணனைக்குக் கூப்பிட்டார்கள். மங்கலத்துப் பேச்சை மாற்றிக்கொள்ளாமல் அவர் அப்படியே பேசினார். "போட்டாருங்க பாருங்க ஒரு பந்து, புடிச்சுக்க சாமின்னு கையில குடுத்தாப்புல" என்று அவர் சொன்னதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். இந்தியாவுக்கு ஆடியபோது கிடைக்காத பேர் மைக்கைப் பிடித்ததும் கிடைத்தது. திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கப் போனால் நாலு பேர் கூடி, வேலண்ணா ஒண்ணு பேசுங்க என்பார்கள். ஒன்பது வருடம் அப்படி ஓடியது.

நாற்பது வயதுக்கு மேல் ஒவ்வொரு சத்தமாக விலகத் தொடங்கியது. முதலில் குக்கர் விசில். பிறகு கலைமகள் அடுத்த அறையிலிருந்து கூப்பிடுவது. கோயமுத்தூரில் ஒரு டாக்டர் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்துப் பரிசோதித்துவிட்டு ஒரு தாளைக் காட்டினார். கோடு சரிந்து கீழே இறங்கியிருந்தது. சின்ன வயதுத் தறிச் சத்தத்தில் நரம்பு கெட்டிருக்கிறது, இரண்டு காதுக்கும் மெஷின் வைக்க வேண்டும், ஹெட்செட்டில் சத்தமாக வைத்துக் கேட்டால் மிச்சமும் போய்விடும் என்றார். வேல்குமார் எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிட்டு வந்து, அந்தத் தாளை பீரோவில் துணிக்கு அடியில் வைத்தார். காது கேட்காதவனுக்கு எவன் மைக் கொடுப்பான். ஒருமுறை எல்லாம் முடிந்து நின்றதை அவர் மறக்கவில்லை. மறுபடி அந்தப் படுக்கையில் போய் விழாமல் இருக்க எதையும் செய்யத் தயாராக இருந்தார்.

ஆகவே ஏமாற்றப் பழகினார். வர்ணனை அறையில் கூட இருப்பவரின் உதடு தெரிகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வார். கேள்வி புரியாவிட்டால் சிரித்துவிட்டு வேறொரு கதையைத் தொடங்குவார். அது அவருடைய பாணி என்று எல்லோரும் நினைத்தார்கள். யாராவது எதையாவது கேட்டால், கேட்டவரின் கண்ணைப் பார்த்துத் தலையாட்டிவிடுவது எல்லாவற்றையும்விடச் சுலபமாக இருந்தது. பத்துக்கு எட்டு முறை ஆமாம் என்பதுதான் சரியான பதிலாக இருக்கும்.

வேலை இடத்தில் இதைக் கண்டுபிடித்தவன் ஒரே ஒருவன், ஜெயபாண்டி. சென்னை ஸ்டூடியோவில் ஆடியோ எஞ்சினியர், இருபத்தெட்டு வயது. அவனுடைய அப்பா மூக்கையாவும் அம்மா சீனியம்மாளும் விருதுநகர்ப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்து, முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்த்து அவனைப் படிக்க வைத்தவர்கள். ஒரே ஊர் என்பதால் வேல்குமாரிடம் அவனுக்குத் தனிப் பிரியம். வர்ணனையாளரின் ஹெட்செட்டுக்குள் தயாரிப்பாளர் பேசுவதை டாக்பேக் என்பார்கள். விளம்பரம் வருகிறது, நிறுத்துங்கள், இதைச் சொல்லுங்கள் என்று காதுக்குள் வந்துகொண்டே இருக்கும். வேல்குமாருக்குப் போகிற டாக்பேக்கின் சத்தத்தை மட்டும் ஜெயபாண்டி அவராகக் கேட்காமலே கூட்டி வைத்தான். ஒவ்வொரு சீசனுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினான். அதைப் பற்றி அவரிடமும் பேசவில்லை, வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை.

போன ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மாநில லீக் ஆட்டம். அது சேலத்தில் நடக்க, சென்னை ஸ்டூடியோவில் திரையைப் பார்த்து வேல்குமாரும் குகனும் வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். குகன் சின்ன வயசு, முன்னாள் விக்கெட் கீப்பர். பந்து போட்டவன் கவின், இருபத்து மூன்று வயது, குண்டடத்துக்காரன். அவன் போட்ட பந்தை பேட்ஸ்மேன் நேராகத் திருப்பி அடித்தான். அது கவினின் நெற்றிப் பொட்டில் பட்டு எகிறி மிட் ஆஃபில் நின்றவன் கையில் போய் விழுந்தது. கேட்ச். நான்கு பேர் அந்தப் பக்கம் ஓடிக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். கவின் உட்கார்ந்த மாதிரி சரிந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அடுத்த நொடியே திரையில் அவன் இல்லை. அவனுக்கு வலிப்பு வந்துவிட்டது, அதைக் காட்டக் கூடாது என்று டைரக்டர் கேமராவைத் திருப்பி, கேட்ச் பிடித்ததையே மறுபடி மறுபடி காட்டிக்கொண்டிருந்தார்.

தயாரிப்பாளர் தீனதயாளன் டாக்பேக்கில் சொன்னது பதிவில் தெளிவாக இருக்கிறது. பையன் விழுந்துட்டான், சீரியஸ், யாரும் சிரிக்காதீங்க, பேசாம இருங்க. குகன் வாயை மூடிக்கொண்டார். வேல்குமாரின் காதில் அது ஒரு இரைச்சலாக மட்டும் விழுந்தது. கூட்டத்தின் ஆரவாரம் என்று நினைத்தார். குகன் சும்மா இருக்கவும், தனக்கு விட்டுக் கொடுக்கிறார் என்று எடுத்துக்கொண்டார்.

"மண்டையால விக்கெட் எடுத்த மொத ஆளு நம்ம கவின் தம்பிதானுங்க" என்றார். "கையில புடிச்சா ஒரு விக்கெட்டு, தலையில புடிச்சா ரெண்டாக் குடுக்கோணுமுங்க. அந்தச் சத்தம் கேட்டுச்சுங்களா? பழனி மலையில தேங்கா ஒடைச்சாப்புல, டங்குன்னு."

குகன் அவர் முன்கையைத் தொட்டார். நன்றாகப் போகிறது, நிறுத்தாதீர்கள் என்று அதற்கு அர்த்தம் பண்ணிக்கொண்டு வேல்குமார் தேங்காயை இன்னும் கொஞ்சம் நீட்டினார். மொத்தம் நாற்பது விநாடி. கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்த தீனதயாளன் அவர் தலையிலிருந்து ஹெட்செட்டைப் பிடுங்கினார். அப்போது அவர் முகத்தைப் பார்த்துத்தான் வேல்குமாருக்கு ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்தது. என்ன என்று விளங்க இன்னும் ஒரு நிமிடம் ஆயிற்று. ஆம்புலன்ஸ் மைதானத்துக்குள் வருவதைத் திரையில் பார்த்தார்.

கவினைக் கோயமுத்தூர் கொண்டுபோய் மண்டையைத் திறந்து இரத்தக் கட்டியை எடுத்தார்கள். கண் விழிக்கவில்லை. அந்த நாற்பது விநாடி அன்றைக்கே ஊரெல்லாம் பரவிவிட்டது. சேனலின் பேரோடு, வேல்குமாரின் நான்கு ஒருநாள் போட்டியோடு, அவர் பெண் படிக்கிற காலேஜின் பேரோடு சுற்றியது. ஹாஸ்டலில் இருந்த மகள் யாழினி அம்மாவுக்கு மட்டும் போன் பண்ணினாள். சேனல் அவரை அடுத்த அறிவிப்பு வரும்வரை விலக்கி வைத்தது. அவர் திருப்பூர் வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

நான்காம் நாள் வீடியோ காலில் விசாரணை. தீனதயாளனும் மும்பையிலிருந்து இரண்டு பேரும் இருந்தார்கள். கேமராவுக்குப் படாமல் கலைமகள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் கேட்பதையெல்லாம் நோட்டில் எழுதிக் காட்டினாள். சில மாதமாகப் போனில் எதுவானாலும் அப்படித்தான். ஐந்தாவது கேள்வியை அவள் எழுதினாள்: டாக்பேக் வந்ததா, வரவில்லையா?

அவர் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்தது என்று சொன்னால், கேட்டும் ஒரு பையன் சாகக் கிடக்கும்போது கிண்டல் பண்ணினவன் ஆகிறார். காது கேட்கவில்லை என்றால் இனி எந்த ஸ்டூடியோ வாசலையும் மிதிக்க முடியாது. மூன்றாவதாக ஒரு வழி இருந்தது.

"வரலீங்க" என்றார். "என்ற ஹெட்செட்ல ஒண்ணும் வரலீங்க."

கலைமகளின் பேனா நின்றது. அவள் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. அது பொய்யும் இல்லை, தனக்கு எதுவும் வந்து சேரவில்லைதானே என்று அன்று முழுக்கத் தன்னிடமே சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்கு அடுத்த நாள் ஜெயபாண்டியை வேலையிலிருந்து எடுத்தார்கள். அவனையும் கேட்டிருக்கிறார்கள். என் பக்கம் எல்லாம் சரியாக இருந்தது, மற்றதை வேலண்ணனிடம் கேளுங்கள் என்றானாம். வேறெதுவும் சொல்லவில்லை. சேனல் வெளியிட்ட அறிக்கையில் தொழில்நுட்பக் கோளாறு என்றும், பொறுப்பானவர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது என்றும் இருந்தது. வேல்குமார் அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். ஜெயபாண்டியின் நம்பரை எடுத்து எடுத்துப் பார்த்தார். பேசினால் அவன் சொல்வது கேட்காது. எழுதலாம். எழுதவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். காலை பத்து மணிக்கு ஒரு ஆள் வந்து கேட்டைத் தட்டினார். அறுபது வயது, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, கையில் ஒரு பையில் ஆறு ஆரஞ்சு. கலைமகள் அன்றைக்கு ஆபீஸ் போகாமல் வீட்டில்தான் இருந்தாள். அவள் உள்ளே கூட்டி வந்து, ஜெயபாண்டியோட அப்பாங்க என்று வேல்குமாரின் முகத்துக்கு நேராக நின்று சொன்னாள். பிறகு டீ வைக்கப் போனாள்.

மூக்கையா உட்காரவில்லை. எவ்வளவு சொல்லியும் சோபாவுக்குப் பக்கத்தில் நின்றபடியேதான் பேசினார். பெரிய மனுசனிடம் பேசுகிறோம் என்ற மரியாதையில் துண்டின் முனையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டார். நடுவில் அழுகை வந்தது. துண்டை இன்னும் நெருக்கமாக வைத்து அழுத்திக்கொண்டார். வேல்குமாருக்கு உதடு தெரியவே இல்லை. தணிந்த குரலின் முனகல் மட்டும் வந்தது. துண்டை எடுத்துவிட்டுப் பேசுங்கள் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று அந்த ஆள் கேட்பாரே. அவர் மூக்கையாவின் கண்களைப் பார்த்தார். அவை எதையோ கேட்டு நின்றன. பையனுக்கு மறுபடி வேலை வாங்கித் தரச் சொல்கிறார் என்று நினைத்தார்.

வேல்குமார் தலையாட்டினார். மூக்கையா இன்னொரு முறை ஏதோ கேட்டார். அதற்கும் தலையாட்டினார். மூக்கையா கும்பிட்டுவிட்டு, டீக்குக் காத்திருக்காமல் படியிறங்கிப் போய்விட்டார். ஆரஞ்சுப் பை மேசைமேல் இருந்தது.

கலைமகள் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அருகில் வந்து, எதிரில் உட்கார்ந்து, அவருக்குத் தெரிகிற மாதிரி நிதானமாகப் பேசினாள்.

"அவரு என்ன கேட்டாருன்னு தெரியுமுங்களா? 'எம் பய மேலதான் தப்பாய்யா, நீங்க உங்க வாயால சொல்லிட்டா நான் ஒத்துக்கிறேன்'னு கேட்டாரு. நீங்க ஆமான்னு தலையாட்டுனீங்க. 'நெசமாவாய்யா'ன்னாரு. அதுக்கும் ஆட்டுனீங்க."

வேல்குமார் எழுந்து வாசலுக்கு ஓடினார். தெருவில் யாரும் இல்லை. திரும்பி வந்தார்.

"இனிமே நான் எழுதிக் காட்ட மாட்டேனுங்க" என்றாள் கலைமகள். "அன்னிக்கு வரலீன்னு நீங்க சொன்னப்பவே பேனாவைத் தூக்கிப் போட்டிருக்கோணும். நானும் சேந்து அந்தப் பையனைக் கொன்னுட்டன்."

அவள் சொன்னது நிஜமாகவே பலித்துவிடுமோ என்று அடுத்த நாள் பயந்து போனார்கள். மூக்கையா வீட்டுக்குப் போய், வேலை போனபின் ஊருக்கு வந்திருந்த மகனிடம், நீ தப்புப் பண்ணிவிட்டு ஒரு பெரிய மனுசனைக் கைகாட்டுகிறாய், என் முகத்தில் முழிக்காதே என்று சொல்லியிருக்கிறார். ஜெயபாண்டி ஒரு வார்த்தை பேசாமல் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வெளியே போனவன் வரவில்லை. சீனியம்மாள் ரயில்வே ஸ்டேஷனிலும் பஸ் ஸ்டாண்டிலும் அவன் போட்டோவைக் காட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று, அவள் கம்பெனியில் வேலை பார்த்த யாரோ கலைமகளின் ஆபீசில் சொன்னார்கள். கலைமகள் பாதி நாளில் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னாள்.

வேல்குமார் சட்டையை மாட்டினார். பீரோவைத் திறந்து துணிக்கு அடியிலிருந்து டாக்டர் கொடுத்த தாளை எடுத்தார். கலைமகள் வண்டியை ஓட்டினாள். முதலிபாளையம் போகும் வழி முழுக்க, அவன் எங்காவது தண்டவாளத்துப் பக்கம் போயிருந்தால் என்ன செய்வது என்ற ஒரே நினைப்புத்தான் அவருக்கு. 

கம்பெனியின் கீழ்த் தளத்தில் ஓவர்லாக் தையல் மெஷின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. கடைசியில் அயர்ன் டேபிள். மூக்கையா நீராவிக்கு நடுவே குழந்தைகள் டீசர்ட் ஒன்றின் மேல் குனிந்திருந்தார். வாட்ச்மேன் வேலண்ணாவை அடையாளம் தெரிந்து உள்ளே விட்டார். வேல்குமார் மெஷின் வரிசைகளுக்கு நடுவே நடந்து போய் அவர் எதிரில் நின்று அந்தத் தாளை டேபிளில் வைத்தார். தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று அவருக்குத் தெரியாது.

"எனக்குக் காது கேக்காதுங்க" என்றார். "ரெண்டு காதும் கேக்காதுங்க. உங்க பையன் மேல ஒரு தப்பும் இல்லீங்க."

அது கத்தலாகத்தான் வந்திருக்கிறது. பக்கத்து மெஷின் நின்றது, அதற்கு அடுத்தது நின்றது. கொஞ்ச நேரத்தில் தளமே நின்றுவிட்டது. பீகார்ப் பையன்கள் கூட எழுந்து பார்த்தார்கள். வேல்குமாருக்கு அந்த வித்தியாசம் சரியாகத் தெரியவில்லை. அவர் அதே குரலில் எல்லாவற்றையும் சொன்னார். தறிக்குடோனில் ஆரம்பித்து, ஜெயபாண்டி தெரிந்தும் காட்டிக் கொடுக்காமல் சத்தத்தைக் கூட்டி வைத்தது, விசாரணையில் தான் வரவில்லை என்று சொன்னது வரைக்கும்.

மூக்கையா அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். துண்டு இல்லாததால் அவர் உதடு தெரிந்தது.

"அன்னைக்கு வீட்ல நான் கேட்டதும் கேக்கலையாய்யா?"

"கேக்கலீங்க."

"அப்ப எதுக்குய்யா தலையாட்டுனீங்க?"

"பழக்கமுங்க" என்றார் வேல்குமார்.

மூக்கையா அவரை அடிக்கவில்லை, திட்டவில்லை. "பழக்கம்" என்று ஒருமுறை தானும் சொல்லிப் பார்த்தார். பிறகு அவரை அப்படியே விட்டுவிட்டு, மகனைத் தேடச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

யாரோ போனில் படம் பிடித்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் அது பரவிவிட்டது. போன வாரம் காறித் துப்பியவர்கள் இந்த வாரம் அழுதார்கள். பாவம் வேலண்ணா, இவ்வளவு நாள் எப்படித் தாங்கினார் என்று எழுதினார்கள். வேல்குமாரால் அதைப் படிக்க முடியவில்லை. திட்டு வந்தபோது தனக்கு வேண்டியதுதான் என்று வாங்கிக்கொண்டார். இந்தப் பரிதாபம் அவரை உள்ளே கூச வைத்தது. போனை யாழினியிடம் கொடுத்துவிட்டார். அவள் ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தாள். அப்பாவுக்கு நேராக உட்கார்ந்து, ஏன் என்கிட்டயாவது சொல்லலீங்கப்பா என்று மட்டும் கேட்டாள்.

ஜெயபாண்டி மூன்றாம் நாள் அம்மாவுக்குப் பேசினான். சென்னையில் நண்பன் அறையில் இருந்தான். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் பேசினான் என்றார்கள். சேனல் அவனை மறுபடி கூப்பிட்டது. அவன் போகவில்லை. ஹைதராபாத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டான். வேல்குமார் அவனுக்கு நான்கு பக்கத்துக்கு எழுதி அனுப்பினார். படித்துவிட்டான் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை. சேனல் வேல்குமாருக்கு நன்றி சொல்லி, வாழ்த்துச் சொல்லி ஒரு கடிதம் அனுப்பி முடித்துக்கொண்டது.

மறுபடி மத்தியானம் வரை படுத்துக் கிடக்கும் நாட்கள் வந்தன. இந்த முறை கலைமகள் விடவில்லை. கோயமுத்தூர் கூட்டிப் போய் இரண்டு காதுக்கும் மெஷின் மாட்டி வைத்தாள். ரோட்டில் போகிற லாரிகளின் ஹாரனும், பக்கத்துக் கட்டடத்து வெல்டிங்கும், பாத்திரம் தேய்க்கிறதும் தலைக்குள் வந்து மோதின. நரம்பு கெட்டவனுக்கு மெஷினால் ஆவது அவ்வளவுதான். சத்தம் வந்தது, சொல் வரவில்லை. இன்னும் உதட்டைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

கவின் ஒன்பதாம் நாள் கண் விழித்திருந்தான். ஆறு வாரம் கழித்து அவனைக் குண்டடத்துக்குக் கொண்டு வந்தார்கள். வேல்குமார் போக வேண்டும் என்று தினம் நினைத்தார், தினம் தள்ளிப் போட்டார். ஆகஸ்டில் ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் பல்லடம் போய் அங்கிருந்து தாராபுரம் பஸ் ஏறினார். இரண்டு பக்கமும் காய்ந்த காடு, காற்றாலைகள். இறங்கி விசாரித்துக்கொண்டு போனார்.

கவினின் அம்மா மயிலாத்தாள் வாசலில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். புருசன் இல்லை. ஒரே மகன். யார் என்று அவளுக்கு உடனே தெரிந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் நின்றாள். முகத்தில் கோபம் என்று எதுவும் இல்லை. அதுதான் அவரைப் பயப்படுத்தியது.

"காது கேக்காதுன்னு சொன்னீங்களாமா" என்றாள். "கேக்காதது ஒரு தப்பில்லீங்க. என்ற மாமனாருக்கும் கேக்காது. கேக்காத சத்தத்தைக் கேட்டன்னு சொன்னீங்களே, அது எதுக்குங்க?"

வேல்குமார் தலையாட்டவில்லை.

"அவனுக்கு அன்னிக்கு நடந்தது ஒண்ணும் ஞாபகமில்லீங்க. போனு பாக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. யாரும் அவங்கிட்ட ஒண்ணும் சொல்லலை. வேலண்ணா வந்தா உள்ள உடு, எனக்கு ஒண்ணு கேக்கோணும்ங்கறான். என்ன கேப்பான்னு எனக்குத் தெரியாது. வாங்க, ஊட்டுக்குள்ள இருக்கான்."

கவின் கட்டிலில் தலையணைகளைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். மழித்த தலையில் முடி குட்டையாக முளைத்துத் தழும்பைப் பாதி மறைத்திருந்தது. வலது கை மடியில் கிடந்தது. வேல்குமாரைக் கண்டதும் சிரித்தான். சிரிப்பு ஒரு பக்கம்தான் வந்தது. வாயின் வலது பக்கம் இறங்கிக் கிடந்தது. அவன் பேசினான். நாக்குத் தடித்த குரல் மெஷின் வழியாக ஒரு குழப்பமாக வந்தது. வேல்குமார் உதட்டைப் பார்த்தார். உதடு கோணிக்கொண்டு, எந்த எழுத்தையும் எழுத்தாகக் காட்டவில்லை. நாற்பது வருடமாக உதடு படித்தவருக்கு அந்த உதட்டைப் படிக்க வரவில்லை.

"எனக்குப் புரியலீங்க, சாமி" என்றார்.

கவின் அம்மாவைப் பார்த்தான். மகன் பேசுவது புரிகிற ஒரே ஆள் அவள்தான். மயிலாத்தாள் கட்டில் ஓரமாக வந்து, வேல்குமாருக்கு முகம் தெரிகிற மாதிரி நின்றுகொண்டு, அவன் சொன்னதைச் சொன்னாள். அவள் குரலில் எதுவும் கூடவில்லை, குறையவில்லை.

"நான் போட்ட அந்தப் பந்து எப்படியிருந்துச்சுன்னு கேக்கறான்."

வேல்குமார் சொன்னார். நல்ல லென்த், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே, கொஞ்சம் மெதுவாக விட்ட பந்து. பேட்ஸ்மேன் அதில் ஏமாந்து முன்னாலேயே மட்டையை வீசிவிட்டார். அதனால் பந்து மேலே எழும்பி நேராகத் திரும்பி வந்தது.

கவின் ஏதோ கேட்டான்.

"அவுட்டுங்களான்னு கேக்கறான்."

"அவுட்டுங்க. மிட் ஆஃப்ல கேட்ச்."

கவினின் இடது பக்கம் மலர்ந்தது. கொஞ்ச நேரம் அதை வைத்துக்கொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்து இன்னொன்று கேட்டான். இந்த முறை மயிலாத்தாள் உடனே திருப்பிச் சொல்லவில்லை. மகனைப் பார்த்தாள், வேல்குமாரைப் பார்த்தாள்.

"நீங்கதான கமெண்ட்ரின்னு கேக்கறான். என்ற விக்கெட்டுக்கு என்ன சொன்னீங்கன்னு கேக்கறான்."

மாடு கட்டுத்தறியில் சங்கிலியை இழுத்தது. வேறு ஒருவராக இருந்தால் அந்த இடத்தில் ஏதாவது நல்லதாகச் சொல்லிவிட்டு வந்திருப்பார். வேல்குமாருக்கும் அது வாய்வரை வந்தது. நல்ல விக்கெட்டுன்னு சொன்னேன் சாமி என்றால் முடிந்துபோகும். பையன் சந்தோசமாகப் படுப்பான். ஆனால் எப்படியும் ஒரு நாள் போனை எடுப்பான், பார்ப்பான். மயிலாத்தாளும் அதே யோசனையில்தான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்று சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். மண்டையால் எடுத்த விக்கெட், இரண்டாகக் கொடுக்க வேண்டும் என்றது, தேங்காய், டங்கு என்றது, எல்லாம். டாக்பேக் தன் காதில் ஏறாததையும், அதை மறைக்க இன்னொரு பையனைத் தள்ளிவிட்டதையும் சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டதா, சத்தமாக வந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. முடித்ததும் தரையைப் பார்த்தபடி இருந்தார்.

நிமிர்ந்தபோது கவின் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பு போயிருந்தது. அவன் வாய் மெல்ல அசைந்தது. நீளமாக எதுவோ சொன்னான், நடுவில் ஒருமுறை நிறுத்தி எச்சிலை விழுங்கிவிட்டு மீதியையும் சொன்னான். வேல்குமார் அந்த உதட்டை உயிரைக் கொடுத்துப் பார்த்தார். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. மயிலாத்தாள் பக்கம் திரும்பினார்.

அவள் துண்டை எடுத்து மகனின் வாயோரத்தைத் துடைத்தாள். தலையணையைச் சரி செய்தாள்.

"என்ன சொல்றாருங்க?" என்று கேட்டார்.

மயிலாத்தாள் அவரைப் பார்த்தாள். அவள் உதடு அசையவில்லை. பிறகு கதவுப் பக்கம் கையைக் காட்டினாள். அவர் எழுந்து, வந்த வழியிலேயே பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார்.